ஃபிஷ் ஃபைண்டர் வாங்கலாமா? சென்னைக் கரையோரக் கடலுக்கு எது சரிப்படும்

ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் காசிமேட்டில் விசைப்படகுகளுக்குப் பழுது பார்க்கும் வேலை ஆரம்பித்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள். பலகை மாற்றுவது, எஞ்சினை இறக்கிப் பிரிப்பது, பெயின்ட் அடிப்பது என்று கையில் இருக்கும் பணம், கடன் வாங்கிய பணம் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் படகுக்குள்தான் போகும். எக்கோ (ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி) மாற்றுவதா, புது ஃபிஷ் ஃபைண்டர் மாட்டுவதா என்ற பேச்சும் அப்போதுதான் சூடுபிடிக்கும். நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர் ஆல்காட் குப்பம் பக்கத்து ஃபைபர் படகுகளுக்குத் தடை கிடையாது. ஆனாலும் பக்கத்துப் படகில் கலர் திரை மின்னினால் இவர்களுக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

கடைக்குப் போனால் முதலில் காட்டுவது திரையின் அளவு. ஐந்து அங்குலமா, ஏழா, ஒன்பதா? அடுத்தது வாட். அதற்கடுத்தது சிர்ப், சைடு ஸ்கேன், லைவ் என்று வரிசையாகப் பெயர்கள். என் கணக்கு வேறு. எந்த மீனுக்குப் போகிறீர்கள், எந்த வலை போடுகிறீர்கள், படகு ராத்திரி எங்கே நிற்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பெட்டிகள் தானாகவே கழிந்துவிடும். திரையின் அளவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10 முதல் 40 மீட்டர் ஆழமுள்ள நம் கரையோரக் கடலில், ஒலியை அனுப்பிக் கீழே பார்க்கும் சாதாரண சோனார் மீனைத் தேடித்தரும் கருவி அல்ல. தரையைக் காட்டும் கருவி. எங்கே சேறு, எங்கே மணல், எங்கே பார் (கடலடிப் பாறைத்திட்டு), எங்கே வலையைக் கிழிக்கிற இரும்பு என்று காட்டும். அதை வைத்து மீனைக் கண்டுபிடிப்பது படகில் இருக்கிற ஆளின் வேலை. இதை ஒப்புக்கொண்டவர்களுக்குப் போட்ட பணம் திரும்பி வருகிறது. "மீன் பேரு வருமா தம்பி இதுல?" என்று கேட்டு வாங்கியவர்கள் மூன்றாம் மாதமே தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள்.

படகின் நீளம்கூட இல்லாத வட்டம்

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். நம் கடல் வெதுவெதுப்பானது என்பதால் இங்கே இன்னும் சற்று வேகம். படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் பகுதி, ஒரு ஒலித் துடிப்பை அனுப்புகிறது. அது தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து ஆழம் கணக்காகிறது. 20 மீட்டர் ஆழத்தில் போய் வர ஒரு நொடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான் ஆகும். இடையில் மீன் இருந்தால் அதில் பட்ட எதிரொலி தரையின் எதிரொலிக்கு முன்பே வந்து சேரும். திரையின் வலது ஓரம்தான் 'இப்போது'. மற்றதெல்லாம் படகு கடந்து வந்த இடம். நடுத்திரையில் தெரிகிற மீனைப் பார்த்து வலையை எறிகிறவர், ஏற்கெனவே பின்னால் போய்விட்ட மீனுக்கு வலை போடுகிறார்.

இந்த ஒலி கூம்பு வடிவில் இறங்குகிறது. 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அந்தக் கூம்பு குறுகலானது. பல சிறு கருவிகளில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், சிலவற்றில் அதைவிடவும் குறைவு. 20 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் ஆழத்தில் தரையில் விழுகிற வட்டத்தின் குறுக்களவு பத்தரை மீட்டர். 15 மீட்டர் ஆழத்தில் ஐந்தேகால் மீட்டர். பட்டினப்பாக்கத்து ஃபைபர் படகின் நீளம்கூட வரவில்லை. கவளைக் கூட்டம் மேல்தண்ணீரில் மூன்று மீட்டர் ஆழத்தில் போகிறதென்றால், அங்கே கருவி பார்க்கிற அகலம் ஒரு மீட்டர். அதற்குள் எஞ்சின் சத்தத்துக்கே கூட்டம் ஒதுங்கியிருக்கும்.

50 கிலோஹெர்ட்ஸில் கூம்பு விரியும். 45 டிகிரி என்றால் அதே 15 மீட்டரில் வட்டம் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டும். ஆனால் அலைநீளம் 3 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. 200-இல் அது முக்கால் சென்டிமீட்டர்தான். அலைநீளம் கூடினால் சிறு மீன் மங்கும், தரையை ஒட்டிக் கிடக்கும் மீன் தரையோடு கலந்துவிடும். 50-இன் பலம் ஆழத்தில் இருக்கிறது. அதிர்வெண் கூடக்கூடக் கடல்நீர் ஒலியை உறிஞ்சிவிடும், அதனால் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு 50 போல 200 எட்டாது. கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டிப் போய் நாள்கணக்கில் தங்கும் காசிமேட்டு விசைப்படகுக்கு 50 அவசியம். காலையில் போய் மதியம் திரும்பும் ஃபைபர் படகுக்கு 200 மட்டும் இருந்தாலே போதும். ஆனால் கடைகளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன, இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லா மீனும் ஒன்றுபோல் தெரியாது

விற்பனைத் தாளில் இதை யாரும் அச்சடிப்பதில்லை. மீனின் சதைக்கும் தண்ணீருக்கும் அடர்த்தியில் பெரிய வேறுபாடு கிடையாது, ஒலி பெருமளவு ஊடுருவிப் போய்விடும். திரும்பி வருகிற எதிரொலியில் பெரும்பங்கு மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்துதான் வருகிறது. தண்ணீருக்கு நடுவில் காற்று இருந்தால் ஒலி அதில் மோதித் திரும்பும். சங்கரா, பாறை, கவளை, கத்தாளை போன்றவற்றுக்குக் காற்றுப்பை உண்டு. கத்தாளை அந்தப் பையை ஒட்டிய தசையை அதிர வைத்துத்தான் தண்ணீருக்குள் சத்தமே போடுகிறது. இவையெல்லாம் திரையில் நன்றாகத் தெரியும்.

வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை கிடையாது. கரையோரத்தில் கிடைக்கும் சூரைக்கும் கிடையாது. சுறாவுக்கும் கணவாய்க்கும் இறாலுக்கும் கிடையாது. சென்னை மார்க்கெட்டில் அதிக விலை போகிற மீன்களில் சில, சோனார் கண்ணுக்கு ஏறக்குறைய கண்ணாடி மாதிரி. பெரிய வஞ்சிரம் நேராகக் கூம்புக்குள் வந்தால் மெலிந்த கோடாகத் தெரியலாம். கூட்டமாக வந்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். ஆனால் அதே அளவு பாறை மீன் தருகிற தடித்த வளைவு அதில் வராது. வஞ்சிரத்துக்கென்றே செவுள் வலை வைத்துப் பிழைப்பவர், மீனைப் பார்க்கவேண்டும் என்று சோனாருக்குப் பணம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் தேடவேண்டியது வஞ்சிரம் தின்ன வருகிற பொடிமீனை. அது திரையில் தெரியும். அதற்கு விலை குறைந்த கருவியே போதும்.

இறாலுக்கு இழுவலை போடுகிறவருக்கும் இதே கதைதான். இறால் தெரியாது, இறால் இருக்கிற சேற்றுத் தரை தெரியும். தரை கெட்டியாக இருந்தால் அடிக்கோடு தடித்துப் பளிச்சென்று வரும். சில நேரம் சரியாக இருமடங்கு ஆழத்தில் இரண்டாவது கோடும் விழும். ஒலி தரையில் பட்டு, மேலே தண்ணீர்ப்பரப்பிலோ படகின் அடியிலோ மோதி, மறுபடி கீழே போய் வந்ததன் அடையாளம் அது. சேறாக இருந்தால் கோடு மெலிந்து, கீழே வால் போலப் புகைந்து நிற்கும், இரண்டாம் கோடு வராது. இதைப் படிக்கத் தெரிந்த டிரைவருக்கு வலை மிச்சமாகும். ஒரு இழுவலை பாரில் மாட்டிக் கிழிந்தால் ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால் எக்கோவின் விலை பெரிதாகத் தெரியாது.

பெட்டியே வேண்டாம் என்பதும் ஒரு வழி

ஒப்பிடும்போது 'ஒன்றும் வாங்காமல் இருப்பது' என்பதையும் தட்டில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும். நீரோட்டம் வண்ணி வெள்ளமா தெண்டி வெள்ளமா, தண்ணீர் கலங்கலா தெளிவா, காற்று வாடையா கச்சானா, பறவை எங்கே விழுகிறது என்று பார்த்து வலை போடும் ஆள் படகில் இருந்தால், மேல்தண்ணீர் மீனுக்கு அவரைவிட நல்ல கருவி எந்தக் கடையிலும் இல்லை. மேல்தண்ணீரில்தான் சோனார் மிகவும் பலவீனம் என்பதை மேலே பார்த்தோம்.

அதோடு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தரும் மீன்வள மண்டல அறிவிப்பு இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாகக் கடல்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் பார்த்து, மீன் கூட வாய்ப்புள்ள இடங்களைக் கரையிலிருந்து எந்தத் திசை, எத்தனை தூரம், என்ன ஆழம் என்று தமிழிலேயே சொல்கிறார்கள். காசு கிடையாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலியிலும் இதைப் பார்க்கலாம். குறை என்னவென்றால், மேகம் மூடியிருந்தால் அறிவிப்பு வராது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அடிக்கடி இப்படி ஆகும். தடைக்காலத்திலும் வராது. சோனாருக்கு மேகமும் ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான். அடையாறும் கூவமும் கொண்டுவந்து கொட்டும் கலங்கல் தண்ணீரும் அதைப் பெரிதாகத் தடுக்காது.

ஆனால் இவை இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்துப் பேசுவது தவறு. எந்தக் கடலுக்குப் போவது என்று அறிவிப்பு சொல்லும். போன இடத்தில் படகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சோனார் சொல்லும். மீனுக்காக மட்டும் வாங்க நினைக்கிறவர், ஒரு பருவமாவது இந்த இலவச அறிவிப்பைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம். டீசல் எங்கே வீணாகிறது, போகும் வழியிலா, போய்ச் சேர்ந்த இடத்திலா என்பது அப்போது பிடிபடும்.

சாதா எக்கோ, சிர்ப், சைடு ஸ்கேன்

ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1948-இல். அடிப்படை இன்றும் அதேதான், திரையும் கணக்குப் போடும் வேகமும்தான் மாறியிருக்கின்றன. 50/200 இரட்டை அதிர்வெண், கலர் திரை, உள்ளேயே ஜிபிஎஸ் உள்ள ஒரு சாதாரணக் கருவியை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடலாம்.

ஜிபிஎஸ் சேர்ந்திருப்பதை நான் வலியுறுத்துவேன். முன்பெல்லாம் கரையில் தெரியும் லைட்ஹவுஸையும் கோபுரத்தையும் உயரமான கட்டடத்தையும் ஒன்றோடொன்று நேர்வைத்துப் பாரின் இடத்தை மனதில் குறித்துக்கொள்வார்கள். இப்போது கரையில் எங்கு பார்த்தாலும் உயரமான கட்டடம், மூடுபனி இருந்தால் எதுவும் தெரியாது. பாரைத் திரையில் பார்த்த அந்த நொடியே பொத்தானை அழுத்திக் குறித்துக்கொள்ள முடிந்தால்தான் சோனார் சம்பாதித்துக் கொடுக்கும். தனி ஜிபிஎஸ்ஸும் தனி எக்கோவும் வைத்திருந்தால், அதைப் பார்த்து இதில் குறிப்பதற்குள் படகு இருபது மீட்டர் நகர்ந்துவிடும். கரையோரத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்வளத்துறையும் போட்டிருக்கும் செயற்கைப் பார்கள் சின்ன இடங்கள். இருபது மீட்டர் தள்ளினால் அவை கூம்புக்குள்ளேயே வராது.

சிர்ப் என்பது ஒரே அதிர்வெண்ணில் துடிப்பை அனுப்பாமல், கீழிருந்து மேலாக ஒரு வரிசை அதிர்வெண்களை இழுத்து அனுப்புவது. 50 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு இழுத்தால், கணக்குப்படி ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கிற இரண்டு பொருளைக்கூடத் தனித்தனியாகப் பிரிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆழ்கடலில், நீளமான துடிப்பு தேவைப்படும் இடத்தில், உண்மையிலேயே பெரிய வித்தியாசம் தரும். 15 மீட்டர் தண்ணீரில் சாதாரணக் கருவியே குட்டித் துடிப்பில் ஏழெட்டு சென்டிமீட்டர்வரை பிரித்துவிடுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும் சங்கராவுக்குத் தூண்டில் போடுகிறவருக்குச் சிர்ப் உதவும், வலைக்காரருக்கு அவ்வளவாக இல்லை. இப்போது விலை குறைந்த மாடல்களிலேயே சிர்ப் வந்துவிட்டதால், அதற்கென்று தனியாகக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சைடு ஸ்கேன்தான் யோசிக்க வைக்கிற விஷயம். இது கீழே மட்டும் பார்க்காமல், படகின் இரண்டு பக்கமும் மெல்லிய விசிறி போல ஒலியை வீசும். அதிர்வெண் 455 அல்லது 800 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், படம் ஏறக்குறைய போட்டோ மாதிரி வரும். நான் மேலே சொன்ன குறுகிய வட்டம் என்ற பிரச்சினைக்கு நேரடியான பதில் இது. 15 மீட்டர் தண்ணீரில் கீழ்நோக்கிய கூம்பு ஐந்து மீட்டரைப் பார்க்க, இது ஒரு பக்கத்துக்கே நாற்பது ஐம்பது மீட்டர் பார்க்கும். மூழ்கிய படகு, செயற்கைப் பார், யாரோ விட்டுப்போன வலை எல்லாம் நிழலோடு தெரியும். நிழலின் நீளத்தை வைத்து அது தரையிலிருந்து எவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியென்றால் எல்லாரும் அதையே வாங்கலாமே? மூன்று தடைகள் உண்டு. படகு நேராக, மெதுவாக, மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்துக்குக் கீழே போக வேண்டும். அலை தூக்கிப் போட்டால் படம் நெளிந்துவிடும். சென்னையில் மதியம் கடல்காற்று எழுந்தபிறகு சின்னப் படகில் இது சிரமம், விடிகாலை அமைதியில்தான் சரிப்படும். அடுத்தது, ஆழம் நாற்பது மீட்டரைத் தாண்டினால் சின்னக் கருவிகளில் படம் மங்கத் தொடங்கும். மூன்றாவதுதான் பெரியது. சைடு ஸ்கேன் டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு உள்ளே ஒட்ட முடியாது. அது தண்ணீருக்குள் இரண்டு பக்கமும் மறைப்பில்லாமல் தொங்க வேண்டும். விலை சாதாரணக் கருவியைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

பார் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர், வெளியூர்த் தூண்டில் பிரியர்களைக் கோவளத்திலிருந்து கூட்டிப்போகிறவர், நண்டு வலைக்கும் சங்கராவுக்கும் மாறி மாறிப் போகிறவர் வாங்கலாம். புது இடங்களை இவர்களால் ஒரே பருவத்தில் குறித்து வைத்துக்கொள்ள முடியும். குறித்து முடித்த பிறகு கருவிக்குப் பெரிய வேலை இருக்காது. அதனால் இரண்டு மூன்று படகுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, இடங்களைக் குறித்துப் பகிர்ந்துகொள்வதுதான் சரியான கணக்கு. ஆனால் பாரின் இடத்தை நம்மாட்கள் மச்சானிடம்கூடச் சொல்லமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மீன் நீந்துவதை அப்படியே வீடியோ மாதிரி காட்டும் லைவ் சோனார், கார்மின் 2018-இல் லைவ்ஸ்கோப் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு பரவியது. ஏரியில் ஒற்றை மீனைப் பார்த்துத் தூண்டில் வீசுகிறவர்களுக்கானது. திரையோடு சேர்த்து விலை லட்சத்தைத் தாண்டும். வலைத் தொழிலுக்கு வேண்டாம். சுற்றிலும் 360 டிகிரி தேடும் பெரிய ஸ்கேனிங் சோனார் சுருக்குமடிக்காரர்களின் ஆயுதம், கூட்டத்தைத் தூரத்திலேயே பார்த்து வளைப்பதற்கு. தமிழ்நாட்டில் சுருக்குமடிக்கு 2000-ஆம் ஆண்டிலேயே தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல்மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள், காலை 8 முதல் மாலை 6 வரை என்று கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. கரையோரக் கடலில் இந்தச் சோனாருக்கு வேலை இல்லை. தூண்டில் நூலில் கட்டி வீசி செல்போனில் பார்க்கும் உருண்டை சோனார், கயாக்கில் போகிறவர்களுக்கு விளையாட்டாக இருக்கும். முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற ஆழமில்லாத தண்ணீரில் அதுவும் பயன்படாது. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், கூம்பு ஒரு முழத்தைக்கூடப் பார்க்காது.

பெட்டியை விட மாட்டுகிற இடம் முக்கியம்

துறைமுகத்தில் மிதந்து நிற்கும் படகும், மணலில் ஏற்றி வைக்கும் படகும் ஒன்றல்ல. கடைக்காரர் காட்டுகிற மாதிரிப் படத்தில் டிரான்ஸ்டியூசர் பின்பலகையில் தொங்கிக்கொண்டிருக்கும். பட்டினப்பாக்கத்தில் அலையை உடைத்து உள்ளே போய், திரும்பி வரும்போது வேகமாக மணலில் ஏறி, டிராக்டர் வைத்து இழுக்கிற படகில் அது ஒரு வாரம் தாங்காது. இந்தப் படகுகளுக்கு இரண்டு வழிதான். ஒன்று, டிரான்ஸ்டியூசரைப் படகின் உள்பக்கம் அடித்தளத்தில் எபாக்ஸி வைத்து ஒட்டிவிடுவது. ஒலி ஃபைபர் வழியாகவே ஊடுருவிப் போகும். கொஞ்சம் சக்தி குறையும், கரையோர ஆழத்துக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் அந்த இடம் கெட்டியான ஃபைபராக இருக்க வேண்டும். நடுவில் தெர்மோகோலோ, நுரையோ, பலகையோ இருந்தால் அதிலுள்ள காற்று ஒலியை அப்படியே முடக்கிவிடும். படகு கட்டியவரிடம் கேளுங்கள், அல்லது தட்டிப் பாருங்கள், சத்தத்திலேயே தெரியும். ஒட்டும்போது எபாக்ஸியில் காற்றுக்குமிழி நின்றாலும் இதே கதிதான். ஒட்டுவதற்கு முன்பு, அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதில் வைத்து, கடலில் ஆழம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, குழாயிலோ கம்பிலோ டிரான்ஸ்டியூசரைக் கட்டி, மீன்பாடு இருக்கிற இடம் போய்ச் சேர்ந்தபின் படகின் ஓரத்தில் இறக்குவது. சைடு ஸ்கேன் வேண்டுமென்றால் இந்தப் படகுகளுக்கு இதுதான். ஓடும்போது தூக்கிவிட வேண்டும், மறந்தால் போச்சு.

விசைப்படகுக்கு அடித்தளத்தில் துளை போட்டு மாட்டும் வகைதான் சரி. படகு மேலே ஏறியிருக்கும் தடைக்காலத்தில்தான் இந்த வேலை நடக்கும். மரப்படகென்றால் வெண்கல உடல் வேண்டும். மரம் தண்ணீரில் ஊறிப் பருக்கும்போது பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். இரும்புப் படகென்றால் வெண்கலத்தை நேரடியாக வைக்கக்கூடாது, இரும்பு அரித்துப்போகும். புரொப்பல்லருக்கு முன்னால், குமிழி கிளம்பாத இடமாகப் பார்த்து, படகின் அடி சரிந்திருந்தால் கட்டை வைத்து நேராக்கி மாட்ட வேண்டும். பெயின்ட் அடிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சிப்பி ஒட்டாமல் இருக்க அடிக்கும் பெயின்டில் கடுமையான தின்னர் இருந்தால் டிரான்ஸ்டியூசரின் முகம் கெட்டுவிடும். அதற்குத் தின்னருக்குப் பதில் தண்ணீர் கலந்து செய்த வகையை (வாட்டர் பேஸ்டு) மெல்லிசாகத் தடவ வேண்டும்.

கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் எஞ்சின் உள்ள ஃபைபர் படகில் பேட்டரியே இருக்காது. தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். சின்னத் திரை ஒரு ஆம்பியரைச் சுற்றித்தான் இழுக்கும், ஒரு நாள் தொழிலுக்குச் சின்ன பேட்டரியே போதும். கரைக்கு வந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போய் சார்ஜ் போடலாம். ஃபியூஸ் இல்லாமல் இணைக்கவே கூடாது. கேபிள் நீளமாக இருந்தால் வெட்டாமல் சுருட்டிக் கட்டுங்கள்.

யாருக்கு எது

காலையில் போய் வருகிற ஃபைபர் படகு, கவளை வலையும் செவுள் வலையும்தான் என்றால்: ஜிபிஎஸ் உள்ள ஐந்து அங்குல சாதா கருவி, உள்ளே ஒட்டிய டிரான்ஸ்டியூசர். அதற்குமேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். வஞ்சிரம் மட்டுமே என்பவர் ஜிபிஎஸ்ஸோடும் இன்காய்ஸ் அறிவிப்போடும் நிறுத்திக்கொள்ளலாம், பொடிமீனைப் பார்க்க வேண்டுமென்றால் விலை குறைந்த கருவி போதும், மிச்சப் பணத்தை வலைக்குப் போடலாம். தூண்டில்காரருக்குச் சைடு ஸ்கேன், முடிந்தால் கூட்டாக. காசிமேட்டு இழுவைப் படகுக்கு ஒரு கிலோவாட் சக்தியுள்ள 50/200, பெரிய திரை, தளத்தில் துளை போட்டு மாட்டிய டிரான்ஸ்டியூசர். திரை பெரிதாக இருப்பதற்கு இங்கே மட்டும் ஒரு நியாயம் இருக்கிறது. வீல் ஹவுஸில் டிரைவர் தள்ளி நின்று பார்க்கிறார், வெயிலும் படாது. திறந்த ஃபைபர் படகில் பெரிய திரை என்பது உப்புத்தண்ணீர் படுவதற்குப் பெரிய இடம், அவ்வளவுதான். வாங்கும் முன் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் அந்த ஆண்டுக்கு மானியம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பில்லோடு, இந்தியாவில் சர்வீஸ் உள்ள கருவியாகவும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கைமாறி வந்த பெட்டி ஆயிரம் இரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கும், டிரான்ஸ்டியூசர் போனால் அதற்குப் பொருத்தமானது இங்கே கிடைக்காமல் அலைய வேண்டியிருக்கும்.

மாட்டிய முதல் நாள் மீன் தேடிப் போகாதீர்கள். அளவை மீட்டரிலிருந்து ஃபாதமுக்கு மாற்றுங்கள். ஒரு ஃபாதம் ஆறு அடி, நம் பாகக் கணக்குக்கு ஏறக்குறைய ஒத்துவரும், பெரியவர்களும் திரையைப் பார்த்து ஆழம் சொல்லலாம். மீன் பொம்மை காட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். சொறிமீனையும் குமிழியையும் மிதக்கும் குப்பையையும் பார்த்து அது மீன் பொம்மை போட்டுக்கொண்டே இருக்கும். பிறகு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இடங்களுக்குப் போங்கள். தெரிந்த சேறு, தெரிந்த மணல், அப்பா காட்டிய பார், வலை கிழிந்த இடம். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு மூன்று முறை மெதுவாக ஓட்டி, கோடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, மேல்தண்ணீரில் புள்ளி தெறிக்கும்வரை ஏற்றி, தெறிப்பு நிற்கும்வரை இறக்குங்கள். அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.